ஒரு கேள்விக்கு இரண்டு வட்டம்

பெரியகல்லாறு
2025 பெப்ரவரி 9

அன்பின் மேர்லின் மச்சாளுக்கு,

ஆண்டவர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் அந்தக் குளிரிலிருந்து காப்பாற்றட்டும். நான் சாப்பிடுகிறேன், நித்திரை கொள்கிறேன். நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

போனில் கதைக்க வேண்டாம், கடிதம் எழுதுங்கள் என்று நீங்கள் சொன்னது சரிதான். உங்கள் அண்ணன் என்னை விட்டுக் கண்ணை மூடிய நாளிலிருந்து நாம் இருவரும் போனைக் காதில் வைத்தால் அழுது முடிய டேட்டாவும் முடிந்துவிடுகிறது. எழுதும்போது அப்படி அழ ஏலாது, தாள் நனைந்துவிடும். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விசயம் இதுதான். மீனவர் சங்கத்துச் செயலாளர் வந்தார். உங்கள் அண்ணன் பதினெட்டு வருடம் படகு இஞ்சின் திருத்திய கொட்டில் சங்கத்தினுடையது அல்லவா? இனிமேல் சான்றிதழ் உள்ள ஆளுக்குத்தான் அதைக் கொடுக்கலாம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். செப்டெம்பர் முடிவதற்குள் ஆள் இல்லையென்றால், காத்தான்குடியில் இஞ்சின் கடை வைத்திருக்கும் முனாஸ் என்ற பொடியனுக்குப் போகுமாம்.

"அப்ப நீங்களே சோதினைய எழுதுங்களன் அக்கா," என்று செயலாளர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் என்னத்தக் கண்டன்?"

"என்னத்தையாவது கண்டிருப்பீங்க," என்றார், இன்னும் கூரையைப் பார்த்தபடி.

சோதினை மே மாதம், நாற்பது கேள்வி. எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கொட்டிலும் போய்விட்டால், காலையில் எழும்பி நான் எங்கே போவது?

உங்கள் பேரிலும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்.

ஜோசப்பின்

*

லுசேர்ன்
2025 மார்ச் 2

பாசமுள்ள ஜோசப்பின் மச்சாள்,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பாதிச் சுகம் வந்துவிட்டது. இங்கே சுவிஸில் இன்னும் பனி. முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையுமில்லை.

கட்டாயம் எழுதுங்கள். நான் உயர்தரம் பாஸ் பண்ணினவள், சொல்கிறேன் கேளுங்கள். சோதினை என்பது அறிவு இல்லை மச்சாள், தந்திரம். தெரிந்த கேள்வியை முதலில் செய்யுங்கள். தெரியாதவற்றுக்கெல்லாம் மூன்றாவது விடையைப் போடுங்கள், நாலில் ஒன்றாவது சரிவரும். வெறுமையாக மட்டும் விடாதீர்கள்.

அண்ணனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த அனுபவம் உங்களுக்கு இருக்கிறது. அண்ணனின் கை யாருக்கும் வராது என்பது வேறு விசயம். அந்தக் கை தொட்டால் செத்த இஞ்சினும் எழும்பும் என்று இங்குள்ள எங்கள் ஊர்ச் சனங்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். நீங்கள் அவ்வளவுக்குப் போகத் தேவையில்லை. பாஸ் பண்ணினால் போதும்.

எனக்கும் ஏப்ரலில் ஒரு டொச் பாஷைச் சோதினை, அதுதான் ஜெர்மன், இருக்கிறது. முதியோர் இல்லத்தில் என்னை நிரந்தரமாக்க அந்தச் சான்றிதழ் வேண்டுமாம். அது ஒரு சின்னக் காரியம்.

மாதிரி வினாத்தாள் கேட்டு வாங்கி, விடைகளை எனக்கு எழுதி அனுப்புங்கள். திருத்தித் தருகிறேன்.

அண்ணனின் கல்லறைக்கு என் பேரில் ஒரு பூ.

மேர்லின்

*

பெரியகல்லாறு
2025 மார்ச் 30

அன்பு மச்சாள்,

முழங்காலுக்கு நொச்சி இலை ஒத்தடம் நல்லது. அங்கே நொச்சி இருக்காது, ஆனாலும் சொல்லி வைக்கிறேன். பூ வைத்தேன்.

மாதிரித் தாளில் முதல் கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை. "இஞ்சின் இயங்காவிட்டால் முதலில் செய்ய வேண்டியது எது?" எரிபொருள் தாங்கியைப் பார்ப்பது, பிளக்கைக் கழற்றுவது, கையேட்டை வாசிப்பது, கம்பனிக்கு அறிவிப்பது என்று நாலு விடை போட்டிருக்கிறார்கள். நாலும் பிழை மச்சாள். முதலில் கேட்க வேண்டியது இது யாருடைய இஞ்சின் என்று. நம் ஊர்ப் பிறின்ஸினுடையது என்றால் தாங்கியில் எண்ணெய் இராது, அவன் எல்லாவற்றையும் மறப்பான். அசனார் காக்காவினுடையது என்றால் எண்ணெயில் தண்ணீர் இருக்கும், எண்ணெய்க் கானை மூடாமல் மழையில் வைப்பவர் அவர். ஆளைக் கேட்காமல் இஞ்சினைத் திறப்பது வீண் வேலை.

இன்னொரு கேள்வி, "இஞ்சினைச் சுத்தியலால் தட்டலாம்: சரியா, பிழையா?" எந்த இடத்தில் என்று கேட்கவேயில்லை.

நீங்கள் சொன்னபடி தெரியாதவற்றுக்கு மூன்றாவது விடையைப் போட்டேன். ஆனால் தெரியாதது இரண்டுதான் இருந்தது.

உங்கள் சின்னக் காரியம் நல்லபடி முடியட்டும்.

அன்புடன்
ஜோசப்பின்

*

பெரியகல்லாறு
2025 மே 25

அன்பின் மச்சாளுக்கு,

ஏப்ரல் போய் மேயும் முடியப் போகிறது, உங்கள் கடிதம் இல்லை. சுகமில்லையோ என்று யோசனையாக இருக்கிறது. நான் உடம்புக்கு நல்லம், மற்றதைக் கேளுங்கள்.

பத்தாம் திகதி சோதினைக்கு மட்டக்களப்புக்குப் போனேன். மண்டப வாசலில் நின்ற பொம்பிளை, "பிள்ளைய விட வந்த அம்மாமார் வெளியில நில்லுங்க," என்றாள். "நான்தான் பிள்ளை," என்று அட்டையைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுத் திரும்பப் பார்த்தாள்.

முனாஸ் என்ற அந்தப் பொடியனும் எனக்கு முன்வாங்கில் இருந்தார். என் பென்சில் முறிந்ததும் தன்னுடையதில் ஒன்றை நீட்டினார். கோபப்பட நினைத்திருந்தேன், அவர் இடம் தரவில்லை.

விடைத்தாளில் வட்டங்கள். சரியான வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். ஒரு கேள்விக்கு ஒரு வட்டம்தான் என்று தாளின் தலைப்பில் எழுதியிருந்ததாம். கேள்வி கீழே இருக்க, மேலே எனக்கு என்ன வேலை? பதினொரு கேள்விக்கு இரண்டு வட்டம் நிரப்பிவிட்டேன். இரண்டும் சரி மச்சாள்! இஞ்சின் சூடேறினால் தண்ணீர் ஓடும் வழி அடைத்திருக்கலாம், எண்ணெயும் குறைந்திருக்கலாம். இரண்டையும் பார்க்க வேண்டும். ஒன்றைப் பார்த்து ஒன்றை விட்டால் கடலுக்குப் போனவன் கரைக்கு வரமாட்டான். மெஷின் திருத்துகிற தாளாம். இரண்டு வட்டம் கண்டால் மெஷின் பூச்சியம் போடுமாம்.

முப்பத்தைந்து. நூற்றுக்கு நாற்பது எடுத்தால் பாஸ். முனாஸுக்குத் தொண்ணூறு.

கொட்டிலைக் கூட்டிப் பூட்டிவிட்டு வந்தேன். இரண்டு தரம் கூட்டினேன்.

உங்கள் சுகத்தையாவது எழுதுங்கள்.

ஜோசப்பின்

*

லுசேர்ன்
2025 ஜூன் 12

மச்சாள்,

சுகமாய்த்தான் இருக்கிறேன். வேலை கூட, அதுதான் எழுதவில்லை.

ஏன் இரண்டு வட்டம்? யாராவது இரண்டு வட்டம் போடுவார்களா? எத்தனை தரம் சொன்னேன், சோதினை வேறு அறிவு வேறு என்று! அண்ணன் இருந்திருந்தால் சிரித்தே செத்திருப்பான்.

அப்படி எழுதியிருக்கக் கூடாது. வெட்டினால் அசிங்கமாய் இருக்கும், அப்படியே விடுகிறேன்.

என் சோதினையைப் பற்றி ஒன்றும் எழுத இல்லை.

மேர்லின்

*

பெரியகல்லாறு
2025 ஜூலை 6

அன்பு மச்சாள்,

நீங்கள் எழுதியது சரி, அவர் சிரித்திருப்பார். நானும் சிரித்தேன். மனவருத்தம் வேண்டாம். இங்கே கச்சான் காற்று ஆளைத் தள்ளுகிறது, மற்றப்படி சுகம்.

போன கிழமை முனாஸ் சின்ன லொறியில் ஓர் இஞ்சினை ஏற்றிக்கொண்டு கொட்டிலுக்கு வந்தார். சங்கம் அவரைப் பரீட்சித்துப் பார்க்கக் கொடுத்த பிறின்ஸின் இஞ்சின்.

"அக்கா, ரெண்டு நாளாக் கழட்டிப் பூட்டுறன். படிச்சதெல்லாம் படிச்ச மாதிரியே இரிக்கி. இஞ்சின்தான் படிச்ச மாதிரி இல்ல."

"இத ஏன் என்னட்டக் கொண்டந்த?"

"பிறின்ஸ் அண்ணன்தான் சொன்னாரு. கொட்டிலுக்குக் கொண்டு போ, ஜோசப்பின் அக்கா தேத்தண்ணி தருவாண்டு."

தேத்தண்ணி கொடுத்தேன். அவர் குடிக்கும்போது இஞ்சினைப் பார்த்தேன். ஆள் கடலில் விழுந்தால் இஞ்சின் தானாக நிற்பதற்கு ஒரு கயிறு இருக்கும், அதன் நுனியில் சிவப்புக் கிளிப். அது செருகியிருக்காவிட்டால் எந்த இஞ்சினும் உயிர்க்காது. அந்த இடம் வெறுமை.

"தம்பி, உன்ட சேட்டுப் பையப் பாரு."

கழுவும்போது கழற்றிப் பையில் போட்டவர், மறந்துவிட்டார். செருகி ஒரு இழுவை இழுத்தேன். உயிர்த்தது. சேட்டுப் பையைத் தடவிப் பார்த்தார். மறுகா சத்தமாகச் சிரித்தார். நான் பெற்றோலில் எண்ணெய் கலக்கும் அளவு கூடுதல், புகை அதனால்தான் என்று அவரும் எனக்கு ஒன்று காட்டித் தந்தார். புத்தகத்தில் இருக்கிறதாம். அது நியாயமான பேச்சு.

"சோதினைப் பேப்பரக் குறை சொல்லாதீங்க அக்கா. எங்கட வாப்பா ஏழையா பணக்காரனா எண்டு அதுக்குத் தெரியா. அதாலதான் எனக்குத் தொண்ணூறு கிடைச்ச. ஆளப் பாத்துப் போட்டிருந்தா, பெரிய கடைக்காரன்ட மகனுக்குத்தான் போயிரிக்கும்."

"அது சரி தம்பி. ஆனா என்ட கையையும் அதுக்குத் தெரியாமப் போச்சே."

அப்போதுதான் இன்னொரு வழி சொன்னார். வருடக்கணக்காக வேலை செய்தவர்களுக்கு எழுத்துச் சோதினை இல்லாமல் அனுபவ மதிப்பீடு என்று ஒன்று இருக்கிறதாம். இரண்டு சாட்சி கையெழுத்து வைத்தால், ஓர் ஐயா வந்து வேலை செய்வதைக் கண்ணால் பார்ப்பார். "எனக்கு என்ட கட போதும், இந்தக் கொட்டில் வேணா," என்று சொல்லி விண்ணப்பத்தையும் அவரே கொண்டுவந்து தந்தார்.

எல்லாம் நிரப்பிவிட்டேன், ஒரு இடத்தைத் தவிர. "எந்த ஆண்டிலிருந்து தனியாக வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறது. அதை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன்.

உங்களுக்கும் தேத்தண்ணி ஊற்ற ஆசை.

ஜோசப்பின்

*

லுசேர்ன்
2025 ஜூலை 25

பாசமுள்ள மச்சாள்,

சிவப்புக் கிளிப்பை வாசித்து பஸ்ஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி எழும்பி வேறு இடத்துக்குப் போய்விட்டாள். எனக்கு இரண்டு இருக்கை.

உங்களிடம் மறைத்து என்ன? டொச் சோதினையில் ஃபெயில். இது மூன்றாம் முறை. போன இரண்டு முறையும் நான் சொல்லவில்லை. என்ன எழுதச் சொன்னார்கள் தெரியுமா? வாங்கிய வாஷிங் மெஷின் பழுதாம், கடைக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுத வேண்டுமாம். என் வாஷிங் மெஷின் நல்லாத்தான் ஓடுகிறது. ஒரு பழுதும் இல்லாத மெஷினில் குறை சொல்ல எனக்குக் கை வரவில்லை. இல்லத்தில் தொண்ணூற்றொரு வயது மனுசி ஒருவர் நான் ஊட்டினால்தான் சாப்பிடுகிறார். எங்களுக்குள் என்ன பாஷை என்று எங்களுக்கே தெரியாது. அதை வந்து பார்க்க எந்த ஐயாவும் இல்லை. உங்களுக்கு ஒருவர் வருகிறார். விடாதீர்கள்.

அந்த வெறுமையான இடத்தில் என்ன கஷ்டம்? "2024 ஒக்டோபரில் கணவர் இறந்த பின், அதற்கு முன் உதவியாளர்" என்று எழுதுங்கள். அதுதானே உண்மை?

முழங்கால் அப்படியே. நொச்சி இல்லை.

மேர்லின்

*

பெரியகல்லாறு
2025 ஓகஸ்ட் 20

அன்பின் மச்சாளுக்கு,

ஃபெயிலானதைச் சொன்னதற்கு நன்றி. உங்கள் துணிவைப் பார்த்து எனக்கும் துணிவு வந்தது. இருந்துகொண்டு வாசியுங்கள்.

உதவியாளர் என்று எழுதினால் வருடக்கணக்கு போதாது, ஐயா வரமாட்டார். அதைவிட, அது உண்மை இல்லை மச்சாள்.

2017இல் உங்கள் அண்ணனுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. முதலில் சின்ன ஆணி பிடிக்க ஏலவில்லை, பிறகு ஸ்பேனரே ஏலவில்லை. ஒருவருக்கும் சொல்லாதே என்றார். கொட்டிலின் பின்பக்கம் ஒரு படங்கை மறைப்பாகக் கட்டினோம். "இஞ்சின் பாக்கக்குள்ள ஆக்கள் பக்கத்தில நிண்டா எனக்கு ஓடாது," என்று எல்லோரையும் வாசலில் மறித்து வைத்து அவர் கதை சொல்லுவார். நான் தேத்தண்ணித் தட்டோடு உள்ளே போவேன். வேலை முடிந்ததும் இருமுவேன். அவர் உள்ளே வருவார், கிறீஸைத் தொட்டு அவர் இரண்டு கையிலும் பூசி விடுவேன், முழங்கை வரைக்கும். அந்தக் கையோடு வெளியே போய், "சரி, கொண்டு போங்க," என்பார். கிறீஸ் பூசும்போது மட்டும் கை நடுங்காது. ஏன் என்று எனக்குத் தெரியாது.

2019இல் நீங்கள் வந்து நின்ற மூன்று கிழமையும் சாறனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே திரிந்தார். "அண்ணன் மெலிஞ்சு போனான், சாறன் இடுப்பில நிக்குதில்ல," என்று நீங்கள் அழுதீர்கள். நான் அடுப்படிக்குப் போய்ச் சிரித்தேன். பிறகு அழுதேன்.

2017 என்று எழுதினால் எனக்குச் சான்றிதழ் கிடைக்கும். ஆனால் ஊரெல்லாம் சொல்லும் அந்தக் கை என்னவாகும்? சாட்சிக்கு வரும் பிறின்ஸுக்கும் அசனார் காக்காவுக்கும் முன்னால் அதை எப்படிச் சொல்வது? அவர் உங்கள் அண்ணன். நீங்கள் வேண்டாம் என்றால் எழுதமாட்டேன்.

செப்டெம்பர் 16இல் ஐயா வருகிறார். அதற்குள் உங்கள் பதில் வந்துவிட வேண்டும் என்று அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறேன்.

ஜோசப்பின்

*

பெரியகல்லாறு
2025 செப்டெம்பர் 21

அன்பு மச்சாள்,

உங்கள் பதில் வரவில்லை. கோபமென்றால் கோபத்தையாவது எழுதுங்கள். சுகமாக இருந்தால் போதும்.

பதினாறாம் திகதி வினாயகமூர்த்தி ஐயா வந்தார். தானே மூன்று பழுது செய்து வைத்த ஓர் இஞ்சினை இறக்கினார். கையில் பெட்டி பெட்டியாகக் கோடு போட்ட தாள்.

"இது ஆர்ட இஞ்சின் ஐயா?" என்று கேட்டேன்.

"அரசாங்கத்தின்ட."

"அப்ப ஒருத்தரும் கழுவியிருக்க மாட்டாங்க," என்று தண்ணீர் ஓடும் வழியைத்தான் முதலில் திறந்தேன். உப்பு கட்டியாய் இருந்தது. அது அவருடைய மூன்றில் இல்லை, நாலாவது. அவருக்கே தெரியாது. அவர் செய்த மூன்றும் மறுகா வந்தது. பெற்றோலில் தண்ணீர் இருக்கிறதா என்று நாக்கில் தொட்டுப் பார்த்ததற்கு ஐந்து புள்ளி வெட்டினார். பாதுகாப்பு விதியாம். வெட்டட்டும், விதி சரி.

கடைசியில் அந்த வெறுமையான இடத்தில் விரலை வைத்தார். "எந்த ஆண்டிலயிருந்து அம்மா? சாட்சிக்காரரும் சரியெண்டு சொல்லணும்."

உங்கள் கடிதம் வரட்டும், நாளைக்குச் சொல்லட்டுமா என்றேன். இன்றைக்கே தாளை உறையிலிட்டு ஒட்ட வேண்டும் என்றார்.

பிறின்ஸ்தான் வாயைத் திறந்தான். "2017 எண்டு போடுங்க ஐயா."

நான் அவனைப் பார்த்தேன்.

"என்னக்கா பாக்கிறீங்க? உள்ள ஸ்பேனர் சத்தம், வெளியில பேர்னாட் அண்ணன் எங்களோட கதை. ஒரே நேரத்தில ரெண்டு இடத்தில நிக்க அவரென்ன அந்தோனியாரா?"

"தேத்தண்ணியும் அப்பிடித்தான்," என்றார் அசனார் காக்கா. "தட்டோட உள்ள போவீங்க, ஒரு மணித்தியாலத்தால ஆறின தேத்தண்ணியோட வருவீங்க. ஏழு வருசமா நான் சூடாக் குடிச்சதில்ல."

"தெரிஞ்சும் ஏன் ஒருத்தரும் சொல்லல்ல?"

"அண்ணன்ட கதை நல்லா இருந்திச்சு," என்றான் பிறின்ஸ். அவன் கடலைப் பார்த்தான்.

நான் பேனையை வாங்கி என் கையால் எழுதினேன்: "2017 முதல். கணவர் பேர்னாட் வெளியே கதைத்தார், நான் உள்ளே செய்தேன். இரண்டும் இல்லாவிட்டால் கொட்டில் நடந்திராது." வினாயகமூர்த்தி ஐயா இரண்டு தரம் வாசித்தார். இதை எந்தப் பெட்டியில் போடுவது என்று தாளை மேலும் கீழும் தேடினார். கடைசியில் "குழுவாக வேலை செய்தல்" என்ற பெட்டியைக் கண்டுபிடித்துப் பத்துக்குப் பத்து போட்டார்.

பாஸ் மச்சாள். கொட்டில் எனக்குத்தான்.

உங்களைக் கேட்காமல் எழுதிவிட்டேன். மன்னிப்பீர்களோ தெரியாது.

ஜோசப்பின்

*

லுசேர்ன்
2025 ஒக்டோபர் 9

பாசமுள்ள ஜோசப்பின் மச்சாள்,

நான் சுகம். கோபமாகவும் இருந்தேன், அதையும் எழுதச் சொன்னீர்கள்.

உங்கள் ஓகஸ்ட் கடிதம் செப்டெம்பர் நாலாம் திகதியே வந்துவிட்டது. ஐயா வரும் திகதியைப் பார்த்தும் பதில் எழுதவில்லை. போனை எடுத்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம், அதையும் செய்யவில்லை. என் அண்ணனின் கையை நீங்கள் பறித்துக்கொண்டது போல் இருந்தது. கடிதத்தை உடுப்புக்குக் கீழே வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். ஒருநாள் அந்த மனுசிக்குச் சூப் ஊட்டும்போது அவருடைய கை நடுங்கி என் கையைப் பிடித்தது. பிடித்ததும் நின்றது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன். பதில் எழுத நினைத்த நேரத்தில் உங்கள் மற்றக் கடிதமும் வந்துவிட்டது.

நீங்கள் எழுதியது சரி. 2017தான் சரி.

உங்களுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்கிறேன். அந்த ஏழு வருடமும் அண்ணன் போனில் ஒரே பல்லவிதான். வேலை கூட, தோள் கடுக்குது, விரல் மடங்குதில்லை, நல்ல தைலமாய்ப் பார்த்து அனுப்பு என்பான். ஸ்பேனரே பிடிக்காத ஆளுக்கு என்ன தோள் கடுப்பு? கடுத்தது யாருடைய தோள் என்று இப்போதுதான் விளங்குகிறது. கள்ளன். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் நானும் அனுப்பினேன். பார்சலில் அவன் பேரைத்தான் எழுதினேன். அவன் போன பிறகு நிறுத்திவிட்டேன்.

வீட்டில் தைலம் முடிந்திருக்கும். இன்றைக்கு மூன்று போத்தல் தபாலில் போட்டேன். பார்சலில் உங்கள் பேர் எழுதியிருக்கிறேன், அடையாள அட்டையைக் கொண்டுபோய் நீங்களே கையெழுத்து வைத்து எடுங்கள்.

மேர்லின்